இருமலுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு

ரிஷிவந்தியத்துக்கு ரயில் இல்லை. வடகிழக்கே திருக்கோவிலூர் போனால் விழுப்புரம்–காட்பாடி பாதை கிடைக்கும். தென்மேற்கே சின்னசேலம் போனால் விருத்தாசலம்–சேலம் பாதை. இடையில் எல்லாம் பேருந்துதான். நெல்லும் கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளையும் பூமி. மேற்கே கல்வராயன் மலை. அர்த்தநாரீசுவரர் கோயிலில் தேனபிஷேகம் பார்க்க வெளியூர்க்காரர்கள் இங்கே வருகிறார்கள். இந்த ஊர்க்காரர்கள் கவலையோடு வெளியூர் கிளம்புவது பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குத்தான்.

பெரிய வியாதி என்றால் எந்தப் பக்கம் பஸ் ஏறுவது? இந்தக் கேள்விக்கான விடை இங்கே தலைமுறைக்கு ஒரு தரம் மாறியிருக்கிறது. 1993 வரை ரிஷிவந்தியம் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. தலைநகர் கடலோரத்தில், கடலூரில். அந்த ஆண்டு விழுப்புரம் தனி மாவட்டமானது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. கலெக்டர் ஆபீஸ் நெருங்கி வந்ததுபோல் மருத்துவமும் மெல்ல நெருங்கி வந்தது. அப்படி நெருங்கி வந்தவற்றில் மிகத் தாமதமாக வந்தது நுரையீரல் புற்றுநோய்க்கான சிகிச்சை. அந்த நோய் வந்தவரும் நம்பிக்கையோடு நாளைக் கழிக்கலாம், அடுத்தவருக்குத் தோள் கொடுக்கலாம் என்ற நிலை ஒரே நாளில் உண்டாகவில்லை. நூறு ஆண்டுகளாகப் பலர் சேர்ந்து அதைக் கட்டினார்கள். கட்டியவர்களில் பலர் நோயாளிகள், அல்லது புற்றுநோய்க்கு ஓர் உயிரைப் பறிகொடுத்த வீட்டார்.

எல்லா இருமலும் டிபி ஆன காலம்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் நாள்பட்ட இருமலுக்கு நெடுங்காலம் ஒரே அர்த்தம்தான்: காசநோய். சளியில் ரத்தம், உடல் இளைப்பு, மாலை நேரக் காய்ச்சல், மூச்சு வாங்குதல் என்று எது வந்தாலும் ஊர் டிபி என்றே முடிவு கட்டியது. பெரும்பாலும் அந்த முடிவு சரியாகவும் இருந்தது. டாக்டர் சௌரிமுத்து 1928இல் தாம்பரத்தில் காசநோய் சானடோரியத்தைத் தொடங்கினார். இன்றும் தாம்பரத்தில் ஒரு ரயில் நிலையத்துக்குச் சானடோரியம் என்றுதான் பெயர். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, நீண்ட ஓய்வு இவைதான் அப்போதைய மருந்து.

1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் வந்தது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடந்த அதன் முதல் ஆய்வின் முடிவு 1959இல் வெளியாகி உலகத்தையே திருப்பிப்போட்டது. சானடோரியத்தில் படுக்கவைக்க வேண்டியதில்லை. வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் நோயாளி அதே அளவுக்குக் குணமாகிறார், வீட்டில் மற்றவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்று அந்த ஆய்வு காட்டியது. ஏழைக் குடிசைகளில் நடந்த சிகிச்சையை வைத்துச் சென்னை உலகுக்குச் சொன்ன பாடம் அது.

இந்த வெற்றிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. காசநோய்க்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றே. எக்ஸ்ரேயில் தெரியும் நிழலும் சில நேரம் ஏமாற்றும். டிபி மலிந்த நாட்டில் நிழலைப் பார்த்ததும் டிபி மாத்திரை தொடங்குவது மருத்துவர்களின் வழக்கமாயிற்று. புற்றுநோய் இருந்தவருக்கும் அதே மாத்திரை போயிற்று. மாதங்கள் கழிந்து, இளைப்பு நிற்கவில்லை என்று பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பும்போது கட்டி பரவியிருக்கும். இந்தியாவில் நுரையீரல் புற்றுநோயாளிகளில் பெரும்பான்மையோர் முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று மருத்துவ ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன.

டிபி என்ற பெயர் கூடவே அச்சத்தையும் கொண்டுவந்தது. தனித் தட்டு, தனி டம்ளர், திண்ணையில் தனிப் பாய். நுரையீரல் புற்றுநோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஆனாலும் இருமலைக் கண்டு ஒதுங்கும் பழைய பழக்கம் இந்த நோயாளிகளையும் திண்ணைக்குத் தள்ளியது.

தாம்பாளத்தில் ஏறிய புகையிலை

புகையிலை இந்த மண்ணின் செடியல்ல. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. வந்த வேகத்தில் குடும்பத்தில் ஒருவராகிவிட்டது. சீனிச்சர்க்கரைப் புலவர் 'புகையிலை விடு தூது' என்று ஒரு சிற்றிலக்கியமே பாடினார். திண்டுக்கல்லும் திருச்சியும் சுருட்டுக்குப் பேர்போன ஊர்கள் ஆயின. முனீஸ்வரனுக்கும் மதுரை வீரனுக்கும் படையலில் சுருட்டு இடம்பிடித்தது. கல்யாண வீட்டுத் தாம்பாளத்திலும் சாவு வீட்டு வாசலிலும் வெற்றிலை பாக்கோடு புகையிலையும் பீடிக்கட்டும் வைப்பது மரியாதையாயிற்று. களத்துமேட்டில் வேலை நடுவே இளைப்பாற உட்கார்ந்தவருக்குப் பீடி நீட்டுவது நட்பின் அடையாளம்.

அன்பின் பெயரால் கைமாறிய பொருள் என்பதால் அதைத் தீமை என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அறிவியலுக்கே நேரம் பிடித்தது. 1912இல் நியூயார்க் மருத்துவர் ஐசக் ஆட்லர் நுரையீரல் புற்றுநோய் பற்றித் தனிநூல் எழுதியபோது, இவ்வளவு அரிதான நோய்க்கு ஒரு நூல் தேவையா என்று தாமே கேட்டுக்கொள்ளும் நிலையில் இருந்தார். சிகரெட் பெருகப் பெருக அந்த நோயும் பெருகியது. 1950இல் அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் விண்டரும் எவர்ட்ஸ் கிரஹாமும், பிரிட்டனில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் தனித்தனியே வெளியிட்ட ஆய்வுகள் புகைக்கும் நோய்க்குமான தொடர்பை மறுக்க முடியாதபடி நிறுவின.

அந்த கிரஹாமின் வாழ்க்கை இந்த வரலாற்றின் மறக்க முடியாத அத்தியாயம். 1933 ஏப்ரல் 5 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு நோயாளியின் இடப்பக்க நுரையீரல் முழுவதையும் அவர் ஒரே அறுவையில் எடுத்தார். புற்றுநோய்க்காக அப்படிச் செய்து நோயாளி பிழைத்தது அதுவே முதல்முறை. நோயாளியின் பெயர் ஜேம்ஸ் கில்மோர். அவரும் டாக்டர், பிரசவம் பார்ப்பவர். அறுவைக்கு முன் ஊருக்குப் போய்வந்த கில்மோர் இரண்டு காரியம் செய்தார் என்பார்கள்: பல்லை அடைத்துக்கொண்டார், கல்லறைக்கு இடமும் வாங்கினார். இருப்பேன் என்ற நம்பிக்கையும் இல்லாமல் போகலாம் என்ற தெளிவும் அவருக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

கில்மோர் பிழைத்தார். ஒற்றை நுரையீரலோடு மறுபடியும் தொழிலுக்குத் திரும்பினார். நெஞ்சில் புற்றுநோய் வந்த மனிதர் அதற்குப் பிறகும் பல்லாண்டு அடுத்தவர் வீட்டுப் பிரசவங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுவை செய்த கிரஹாமோ கடும் புகைப்பழக்கம் உள்ளவர். தன் ஆய்வே தனக்கு எதிராகச் சாட்சி சொன்ன பிறகு பழக்கத்தை விட்டார். ஆனால் காலம் கடந்துவிட்டது. 1957இல் நுரையீரல் புற்றுநோய்க்கே அவர் பலியானார். அவர் காப்பாற்றிய நோயாளி அவருக்குப் பின்னும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்.

ஒரு தங்கையின் மரணம், ஒரு மருத்துவமனையின் பிறப்பு

அதே காலத்தில் சென்னையில் என்ன இருந்தது? அரசு பொது மருத்துவமனை வளாகத்தில் 1934இல் பார்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பட்டிருந்தது. வேலூர் சி.எம்.சி.யில் 1940களின் கடைசியில் ரீவ் பெட்ஸ் வந்து நெஞ்சக அறுவை சிகிச்சைக்கு அடித்தளமிட்டார். புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை தென்னிந்தியாவில் இல்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். முதலில் சீதபேதி என்று தவறாக நினைத்து வைத்தியம் பார்க்கப்பட்ட நோய் அது. தானே டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியாமல் போன அந்த மரணம் முத்துலட்சுமியைக் கடைசிவரை விடவில்லை. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் புற்றுநோய்க்கு ஒரு மருத்துவமனை வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். அந்த நோய் வந்தவர்கள் எப்படியும் சாகத்தானே போகிறார்கள், அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்ற எண்ணம் ஆட்சியில் இருந்தவர்களிடமும் இருந்தது. அவர் அசரவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் நிதி திரட்டினார். 1952இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு எளிய குடில்களில் புற்றுநோய் நிலையம் பிறந்தது.

முத்துலட்சுமியின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி அங்கே மருத்துவர். அடுத்த ஆண்டு டாக்டர் வி. சாந்தா வந்து சேர்ந்தார். அரசு வேலை கையில் இருக்க, நாளை என்னவென்று தெரியாத ஒரு குடிலுக்கு அவர் வந்ததைப் பலர் புரிந்துகொள்ளவில்லை. 2021 ஜனவரி 19 அன்று இறக்கும்வரை அவர் அந்த நிலையத்தைவிட்டு விலகவில்லை. சில ஆண்டுகளில் கோபால்ட் கதிர்வீச்சு இயந்திரம் வந்தது. நாட்டிலேயே முதல் கோபால்ட் இயந்திரங்களில் ஒன்று அது. நம் கிராமத்து நோயாளிகள் கரண்ட் வைப்பது என்று சொல்லும் சிகிச்சை தமிழ்நாட்டில் ஏழைகளுக்கும் எட்டத் தொடங்கியது அடையாறு போன்ற இடங்களால்தான். காசில்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அந்த நிலையத்தின் கொள்கையாயிற்று.

அதே 1954இல் நவம்பர் 1 அன்று புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழித்தோன்றல்தான் 1964இல் ஜிப்மர் ஆனது. ரிஷிவந்தியத்திலிருந்து அடையாறு இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ஜிப்மர் சுமார் நூறு. பிற்காலத்தில் அங்கே மண்டலப் புற்றுநோய் மையம் வந்தபோது, திருக்கோவிலூர், விழுப்புரம் வழியாகப் புதுச்சேரிக்கு ஓடும் பேருந்து இந்தப் பக்கத்து நோயாளிகளின் வண்டியாயிற்று. விடிவதற்குள் கிளம்பி, ஓ.பி. சீட்டு வாங்கி, சாயங்காலம் கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்பும் வழக்கம் அப்படி ஏற்பட்டது.

அண்ணாவும் காஞ்சிபுரமும்

புற்றுநோய் பற்றிய பேச்சைத் தமிழ்நாட்டு டீக்கடைகள்வரை கொண்டுசென்றது அறிஞர் அண்ணாவின் நோய். 1968இல் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு நியூயார்க்கில் அறுவை செய்துகொண்டு திரும்பிய முதலமைச்சர் ஓய்வெடுக்க மறுத்தார். சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்ற நாள் 1969 ஜனவரி 14. அன்றே தியாகராய நகரில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சிலையைத் திறந்துவைத்தார். பிப்ரவரி 3 அன்று மறைந்தார். அவர் பெயரில் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் எழுந்த அரசுப் புற்றுநோய் மருத்துவமனை வடதமிழகத்துக் கிராமங்களுக்கு இன்னொரு கதவைத் திறந்தது.

அண்ணாவுக்கு வந்தது நுரையீரல் புற்றுநோய் அல்ல. ஆனாலும் நோயோடு இருக்கிற மனிதர் தன் வேலையை முடிக்கலாம் என்பதை ஒரு மாநிலமே கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

பால் கலாநிதி

நுரையீரல் புற்றுநோயோடு வாழ்வது எப்படி என்பதை உலகுக்கே எழுதிக் காட்டியவர் தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த ஒருவர்தான். பால் சுதீர் அருள் கலாநிதி 1977இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்து, அரிசோனா பாலைவனத்துச் சிறிய ஊரான கிங்மனில் வளர்ந்தார். அப்பா இதய மருத்துவர். பால் முதலில் ஸ்டான்ஃபோர்டில் ஆங்கில இலக்கியமும் உயிரியலும் படித்தார். பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம். மூளை அறுவை மருத்துவராகும் நெடும் பயிற்சி முடியும் தறுவாயில், முப்பத்தாறு வயதில், 2013 மே மாதம் தன் ஸ்கேன் படத்தைத் தானே பார்த்து நோயைப் புரிந்துகொண்டார். நுரையீரலில் தொடங்கி உடலெங்கும் பரவிய நான்காம் நிலைப் புற்றுநோய். அவர் புகைபிடிப்பவர் அல்லர்.

எவ்வளவு காலம் இருப்பேன் என்று அவர் கேட்டபோது அவருடைய புற்றுநோய் மருத்துவர் எண்ணிக்கை சொல்ல மறுத்தார். உங்களுக்கு எது முக்கியம் என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வி கலாநிதியின் மிச்ச வாழ்க்கையை வடிவமைத்தது. அவருடைய கட்டியில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருந்ததால், கீமோவுக்குப் பதிலாக எர்லோட்டினிப் என்ற மாத்திரையிலேயே தொடங்க முடிந்தது. கட்டி சுருங்கியது. உடம்பைத் தேற்றிக்கொண்டு மீண்டும் அறுவை அரங்குக்குப் போனார். முதுகு வலியோடும் வாந்தியோடும் நின்று பிறர் மூளையைத் திறந்து சிகிச்சை செய்தார். 2014 தொடக்கத்தில் நியூயார்க் டைம்ஸ் இதழில் தன் நிலை பற்றிக் கட்டுரை எழுதினார். அந்த ஆண்டு நோய் திரும்பியது. அறுவைத் தொழிலை விட்டார். ஜூலை 4 அன்று மகள் பிறந்தாள். மரணத்தின் வாசலில் இருப்பவர் குழந்தை பெறலாமா என்று அவரும் மனைவி லூசியும் பேசிப் பேசி எடுத்த முடிவு அது.

2015 மார்ச் 9 அன்று கலாநிதி இறந்தார். தன் வாழ்க்கையைப் பற்றி எழுதி அவர் முடிக்காமல் விட்ட நூலுக்கு லூசி முடிவுரை எழுதினார். 2016இல் வெளியான அந்த நூல் பல மொழிகளுக்குப் போயிற்று. 2017 புலிட்சர் பரிசின் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. குணமாகிவிடுவோம் என்ற பொய்யை அந்த நூல் எந்தப் பக்கத்திலும் சொல்வதில்லை. இருக்கிற நாளில் எதைச் செய்வது என்பதையே பேசுகிறது. நோயாளிகளுக்கும் மருத்துவர்களுக்கும் அது இத்தனை உதவியாக இருப்பதற்கு அந்த நேர்மைதான் காரணம்.

நான்காயிரத்து எண்ணூறு ரூபாய் மாத்திரை

கலாநிதி சாப்பிட்ட மாத்திரை ரிஷிவந்தியத்துக்கும் வர முடியுமா? இந்தக் கேள்வி டில்லி உயர் நீதிமன்றத்தில் தீர்மானமானது. எர்லோட்டினிப்பின் காப்புரிமை ரோஷ் நிறுவனத்திடம் இருந்தது. ஒரு மாத்திரை சுமார் 4,800 ரூபாய். தினமும் ஒன்று சாப்பிட வேண்டும். 2008 ஜனவரியில் சிப்லா நிறுவனம் அதையே சுமார் 1,600 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. ரோஷ் வழக்குத் தொடுத்தது. உயிர் காக்கும் மருந்து குறைந்த விலையில் மக்களுக்குக் கிடைப்பது பொதுநலன் என்பதைக் கணக்கில் கொண்டு, சிப்லாவின் விற்பனைக்குத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2016இல் காப்புரிமைக் காலமே முடிந்தது. இந்த வகை மாத்திரைகள் இன்று பல இந்திய நிறுவனங்களின் தயாரிப்பாக, தொடக்க விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கின்றன.

இந்தியாவில் நுரையீரல் அடினோகார்சினோமா என்ற வகை வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இந்த இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. புகைக்காதவர்களிடமும் பெண்களிடமும் அது கூடுதலாகக் காணப்படுகிறது. எனவே கட்டியிலிருந்து எடுத்த சதையில் மரபணுப் பரிசோதனை செய்தார்களா என்று கேட்பது நோயாளியின் உரிமை.

புகைக்காதவர்களுக்கு ஏன் வருகிறது? காற்று மாசு புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2013இல் அறிவித்தது. வீட்டுக்குள் எரியும் விறகுப் புகையும் சந்தேகத்துக்குரியது என்று அதற்கு முன்பே வகைப்படுத்தியிருந்தது. சுள்ளியும் மிளாறும் எரித்துச் சமைத்த தலைமுறைப் பெண்களின் நெஞ்சு இந்தக் கணக்கில் வருகிறது. இலவச எரிவாயு அடுப்புத் திட்டங்களை அரசியல் சலுகை என்று மட்டும் பார்ப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

நோயாளிக்கு நோயாளி துணை

புகையிலைக்கு எதிரான சட்டமும் மெல்லத்தான் வந்தது. 1975 சட்டம் சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை அச்சிடச் சொன்னது, பீடியைத் தொடவில்லை. 2003 சட்டம்தான் எல்லாப் புகையிலைப் பொருளையும் வளைத்துப் பிடித்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த டாக்டர் அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. பேருந்துக்குள் பீடி பற்றவைத்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த மாற்றத்தின் அளவு தெரியும்.

சட்டத்தால் மட்டும் இது நடக்கவில்லை. புகையிலையால் குரலையும் தாடையையும் இழந்தவர்கள் மேடையேறித் தங்கள் முகத்தையே சாட்சியாகக் காட்டினார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையை ஒட்டி மருத்துவர்களும் நோயாளிகளும் உறவினர்களும் சேர்ந்து 'லங் கனெக்ட் இந்தியா' என்ற அமைப்பை நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கென்றே உருவாக்கினார்கள். மாத்திரையின் பக்கவிளைவை எப்படிச் சமாளிப்பது, தோல் தடிப்புக்கு என்ன செய்வது, வேலைக்குப் போகலாமா என்பதையெல்லாம் அதே வழியில் முன்னே போனவர் சொல்லும்போது கிடைக்கிற தைரியம் வேறு. புற்றுநோய் மருத்துவமனைகளின் காத்திருப்பு வராந்தாக்களில் பெயரில்லாமல் நடக்கும் வேலையும் இதுதான். மூன்றாவது கீமோவுக்கு வந்தவர் முதல் கீமோவுக்கு வந்தவரிடம், எந்தக் கவுண்டரில் சீட்டு, எங்கே தண்ணீர், முடி கொட்டினால் திரும்ப முளைக்கும் என்று சொல்லிக்கொடுக்கிறார். காப்பீட்டுத் திட்ட அட்டை, ரயில் கட்டணச் சலுகைக்கான சான்றிதழ் ஆகியவற்றையும் பல குடும்பங்கள் அறிந்துகொள்வது அந்த வராந்தாவில்தான்.

நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரமும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் டாக்டர் ஜெனிஃபர் டெமலும் குழுவினரும் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு தொடக்கத்திலிருந்தே வலிநிவாரண, ஆதரவுச் சிகிச்சையும். இரண்டாம் பிரிவினருக்கு மனச்சோர்வு குறைந்திருந்தது, வாழ்க்கைத் தரம் உயர்ந்திருந்தது. அவர்கள் உயிரோடிருந்த காலமும் இடைநிலைக் கணக்கில் 8.9 மாதத்திலிருந்து 11.6 மாதமாகக் கூடியிருந்தது. வலியைக் குறைப்பதும் மனசைத் தாங்குவதும் கடைசி நேரத்துக் கருணை மட்டும் அல்ல, அவை சிகிச்சையின் பகுதி என்று அந்த எண்கள் நிறுவின.

இந்தியாவில் இதற்கு வழிகாட்டியது கேரளம். 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலிநிவாரண இயக்கம், பின்னர் மலப்புறத்து ஊர்மக்களையே தன்னார்வலர்களாக்கி வீடு வீடாகப் போனது. சென்னையில் டாக்டர் மஞ்சுளா கிருஷ்ணசாமி தொடங்கிய ஜீவோதயா, கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களைக் கட்டணமின்றிப் பராமரித்துவருகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலிநிவாரணச் சிகிச்சை தருவதும் சேர்ந்திருக்கிறது. வீட்டிலேயே சிகிச்சை என்று 1959இல் சென்னை கண்ட உண்மை இன்னொரு நெஞ்சு நோய்க்கும் பயன்பட வந்திருக்கிறது.

இன்றைய பாதை

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றில் ஒன்று கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் இருக்கிறது. வெள்ளிமலைப் பக்கத்து மலையாளிப் பழங்குடியினருக்கும் ரிஷிவந்தியத்துக் கரும்பு விவசாயிக்கும் முதல் எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் இப்போது மாவட்டத்துக்குள்ளேயே முடியும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் 2009இல் தொடங்கி, பெயரும் வடிவமும் மாறி, இன்று தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய்வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சையும் அதில் அடக்கம். ஆபரேஷனுக்கும் கரண்டுக்கும் மட்டும் இன்னும் புதுச்சேரியோ காஞ்சிபுரமோ சென்னையோ போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எங்கே போவது என்றே தெரியாமல் நின்ற தாத்தா தலைமுறையின் நிலை மாறிவிட்டது.

மாற வேண்டியவை இனி வீட்டுக்குள் இருக்கின்றன. "அவருகிட்ட சொல்லிடாதீங்க" என்று டாக்டரிடம் கெஞ்சும் வழக்கம் அவற்றில் முதலாவது. அன்பினால்தான் மறைக்கிறார்கள். ஆனால் நோயை அறியாதவரால் எந்தச் சிகிச்சை வேண்டும் என்று தேர்ந்தெடுக்க முடியாது; தன் நிலத்தையும் பிள்ளைகளையும் பற்றிப் பேச முடியாது; பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் தைரியம் சொல்லவும் முடியாது. கில்மோரும் கலாநிதியும் உண்மையை அறிந்ததால்தான் மிச்ச நாளைப் பிறருக்கும் கொடுக்க முடிந்தது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சளியில் கிருமி இல்லை என்று வந்தாலோ, டிபி மாத்திரை சாப்பிட்டும் இளைப்பும் இருமலும் குறையாவிட்டாலோ, சி.டி. ஸ்கேன் எடுக்கலாமா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். புகையிலையை விட நினைப்பவர்கள் 1800 11 2356 என்ற இலவச எண்ணில் பேசலாம். வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியானால் அவரைத் திண்ணைக்கு அனுப்பாதீர்கள். அதே தட்டில், அதே பாயில் இருக்கட்டும். ஏற்கெனவே சிகிச்சை பெற்றவர்கள் உங்கள் ஊரில் புதிதாக நோய் வந்தவரின் வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். முதல் நாள் ஆஸ்பத்திரிக்கு அவரோடு நீங்களும் பஸ் ஏறுங்கள்.